நாற்பதுக்கு ஓர் ஆள் குறைந்த முக்கிம்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் தான் எங்கே குடியிருக்கிறோம் என்பது தெரியாது. தெரிந்த ஒரே ஜீவன் பெங்ஹுலுதான். இது அவரே எடுத்த முடிவு. நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர் கீப்பர். பெங்ஹுலு என்றால் முக்கிமுக்கு அரசாங்கம் நியமிக்கும் தலைவர். இவரை யாரும் நியமிக்கவில்லை. பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது, அவரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

முக்கிம் என்ற சொல்தான் அவருடைய பைத்தியம். மாவட்டத்துக்குக் கீழே ஏதோ ஒரு பிரிவு என்று நாமெல்லாம் விட்டுவிடுவோம். அவர் பக்கத்து வீட்டு ஹாஜியாரை ஒரு சாயங்காலம் முழுக்கக் குடைந்து விவரம் கேட்டிருக்கிறார். அரபுச் சொல்லாம். ஓரிடத்தில் தங்கி வாழ்பவன் என்று அர்த்தமாம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அப்படித் தங்கியவர்கள் நாற்பது பேர் வேண்டுமாம். வழிப்போக்கன் கணக்கில் வரமாட்டானாம். நாற்பது பேரும் ஒரு பள்ளிவாசலுமாகச் சேர்ந்த வட்டாரம் முக்கிம் ஆனது. பிறகு அரசாங்கமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. ஹாஜியார் இதை ஒரு தடவை சொன்னார். பெங்ஹுலு எங்களிடம் தினமும் சொன்னார்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவனிடம் அவர் பேர் கேட்கமாட்டார். தங்குகிற ஆளா, போகிற ஆளா என்றுதான் கேட்பார். போகிற ஆள் என்று பட்டால் பழைய கையுறைதான் கிடைக்கும். ஹாஸ்டலில் இருந்த நேப்பாளிப் பையன்கள் எந்தக் கணக்கு என்று ஒருமுறை வம்புக்குக் கேட்டேன்.

"இங்க ஒழைக்கிறான், இங்க தூங்குறான், காய்ச்சல் வந்தா இங்கதான் படுக்கிறான். அவன் முக்கிம் இல்லாம நீயா லா?" என்றார்.

இந்த நிலையில், கேண்டீனில் கூட்டம் இல்லை, மூடிவிட்டு மெஷின் வைக்கலாம் என்று மேனேஜர் கிளம்பினார். கேண்டீன் நடத்திய லெட்சுமி அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது. அக்காவுக்காக மேனேஜரிடம் பேசப் போனவர் பெங்ஹுலு. அக்காவின் ரசம் வெறும் வெந்நீர் என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு வந்து ஸ்டோரிலேயே சாப்பிடுகிற அதே பெங்ஹுலு.

மேனேஜர் நல்ல மனுஷன். மதியத்துக்கு இருபத்தைந்து பேர் சாப்பிட்டால் கேண்டீன் இருக்கட்டும் என்றாராம். அது எந்த நாளும் தேறிவிடும். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இவரோ இருபத்தைந்து பேர் சேர்ந்தால் முக்கிம் ஆகாது, நாற்பதுதான் முறை என்று சொல்லிவிட்டு வந்தார். மேனேஜருக்கு என்ன நஷ்டம், சரி என்றுவிட்டார். வருகிற புதன்கிழமை வந்து எண்ணிப் பார்ப்பதாக ஏற்பாடு.

செய்தி கேட்ட லெட்சுமி அக்கா கரண்டியோடு ஸ்டோருக்கே வந்துவிட்டார். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, "எல்லாம் நான் பாத்துக்கிறேன்மா" என்றார் பெங்ஹுலு.

பார்த்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். புதன்கிழமை ஒவ்வொரு லைனாகப் போய் ஆள் பிடித்தார். டயட்டில் இருந்த கணக்காளரைக்கூட விடவில்லை. வாசலில் நின்ற லாரி டிரைவர்கள் இரண்டு பேரை நான் கூட்டி வந்தேன். வழிப்போக்கர்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். கடைசியாக நானும் தட்டோடு உட்கார்ந்தேன். மேனேஜர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நாற்பது என்று முடித்தார். லெட்சுமி அக்கா அப்போதுதான் மூச்சு விட்டார்.

"இல்ல போஸ், முப்பத்தொன்பது," என்றார் பெங்ஹுலு. "இந்தத் தம்பி கணக்குல வராது. அடுத்த மாசம் சிங்கப்பூருக்குப் போவுது."

கேண்டீனே அவரை முறைத்தது. மேனேஜருக்குச் சிரிப்பதா போவதா என்று தெரியவில்லை. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"ஏண்ணே, என்னய ஒழிச்சுக்கட்டத்தான் வந்தீங்களா?"

பெங்ஹுலு ஸ்டோர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வீட்டுச் சோறு அங்கே இருந்தது. பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். அக்கா ரசத்தை மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாகவே ஊற்றினார். சொட்டு விடாமல் குடித்துவிட்டு நிமிர்ந்து, "இப்ப நாப்பது," என்றார்.

கேண்டீன் இன்றும் நடக்கிறது. அவரும் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாராம், தினமும் குறை சொல்கிறாராம்.

நாற்பது பேர் முன்னால் என்னைத் தள்ளி வைத்தாரே என்று அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. சிங்கப்பூருக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். வேலையை விடுகிறேன் என்றதும் மேனேஜர் வாசல் அட்டையைத் திருப்பிக் கேட்டார். நண்பர்கள் விருந்து எப்போது என்றார்கள். நான் போனால் அங்கே ஓர் ஆள் குறையும் என்று கணக்குப் போட்டவர் பெங்ஹுலு ஒருவர்தான்.