மஞ்சள் தடவிய முதல் அட்டை

எனக்குக் கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, எண் போடுவேன். ஒன்று, இரண்டு என்று நான் விரலை மடக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் எல்லோரும் செருப்பைத் தேடுவார்கள். (அடிக்க அல்ல, வெளியே போக.) இது பிறவிக் குணமில்லை. ஐந்தாறு வருடங்களுக்கு முன், ராசிபுரம் சாலையில் இருந்த ஒரு நூற்பாலையில், பெரிய மனிதர்கள் முன்னால் என் மானம் போன அன்று தொற்றிக்கொண்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை. சிரிப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

பம்பாயில் யாரோ வேண்டாம் என்று கழித்துப் போட்ட ஒரு பெரிய கம்ப்யூட்டரை எங்கள் முதலாளி வாங்கியிருந்தார். நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்த புதுசு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். முடியாவிட்டால் ஆபீஸ் மேனேஜரின் அக்கா மகன் அந்த நாற்காலிக்குத் தயாராக இருந்தான். (அவனுடைய தகுதி: மேனேஜருக்கு அக்கா மகன்.)

அந்த இயந்திரத்தின் விசேஷம் என்னவென்றால், ஒன்றுக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள். நிஜத்தில் இருப்பது ஒன்றுதான். அதற்குள் லாரி அனுப்பும் பிரிவுக்கு ஒன்று, ஆள் கணக்குக்கு ஒன்று, சாமான் கிடங்குக்கு ஒன்று என மூன்று பொய்க் கம்ப்யூட்டர்கள் ஓடும். ஒவ்வொன்றும், தான் மட்டுமே அந்த அறையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். (கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஆனால் தினமும் காலையில் கண் விழிக்கும்போது அவற்றுக்குத் தாம் யார் என்றே தெரியாது. பெரியதுதான் சொல்ல வேண்டும். அதற்காகத் துளை போட்ட அட்டைகளை ஒரு கட்டாக அடுக்கி வைப்பேன். பெரியது அவற்றைப் படித்து, ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். முதல் அட்டை, உன் பெயர் இது. இரண்டாவது, உன் அச்சு இயந்திரம் அது. மூன்றாவது, இன்று தேதி இன்னது. வரிசைதான் எல்லாம்.

அந்தப் புரோகிராமை எழுதியது நான். அதில் ஒரு முன்யோசனையும் வைத்திருந்தேன். பெயர் புரியாத எவனாவது விழித்துக்கொண்டால், அவன் அச்சடிப்பதெல்லாம் வாசல் கேட்டில் இருக்கும் இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும். அடையாளம் தெரியாதவனை வாசலிலேயே நிறுத்துவதுதானே முறை? இதை யோசித்ததற்காக எனக்கு நானே ஒரு வாரம் சபாஷ் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விழா அன்று இளம்பிள்ளைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றேன். கற்பூரம் காட்டினார்கள். முதலாளி பொத்தானை அழுத்தினார். நான் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை, கையை நீட்டிச் சொன்னேன்.

“இனி இம்மூன்று கணிப்பொறிகளும் தம்மைத் தாமே அறிந்துகொள்ளும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அறையில் இருந்த அச்சு இயந்திரங்கள் மூன்றும் அசையவில்லை. கை தட்டல் ஓய்ந்த பிறகும் அசையவில்லை. சிறிது நேரத்தில் கையில் நீளமான காகிதத்தோடு ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். நூல் ஏற்றிக்கொண்டு பம்பாய் கிளம்ப வேண்டியவர். கேட்டில் அனுமதிச் சீட்டு வாங்கப் போயிருந்தார்.

“ஏனுங்க, இதை ஆருங்க அடிச்சது? என்ற வண்டில மிசின் எண்ணெய் நாலு டப்பாவும் சமையக்காரரு ரெண்டு பேரும் ஏத்தியிருக்குதுன்னு போட்டிருக்குது. கீழ பாத்தா, என்னைய ராத்திரி சிப்டுக்கு வரச் சொல்லுதுங்க.”

“அந்தச் சமையக்காரரு எங்கப்பா?” என்றார் விருந்தாளிகளில் ஒருவர்.

“அதைத்தானுங்க நானும் தேடுறேன். கூட வந்தா வழிக்குச் சோறு ஆச்சு.”

அறையே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்காமல் முதலாளி பக்கம் சாய்ந்தார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

“புள்ள பயத்துல அட்டையைக் கலைச்சுப் போட்டிருச்சுங்க. பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படாதுன்னு நான் அன்னைக்கே சொன்னனுங்க.”

அட்டை படிக்கும் பெட்டியைத் திறந்து கட்டு முழுவதையும் எடுத்தேன். மேலே இருந்தது என் அட்டையே இல்லை. நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் சிவப்பு மையில், அழகாக, பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி. துளை ஒன்றுகூடக் கிடையாது.

நடந்தது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. முதல் கம்ப்யூட்டருக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையார். துளை இல்லாததால் அதற்கு அவர் தெரியவில்லை. எல்லா அட்டையும் ஓரிடம் தள்ளிப் போனதில், இரண்டாவது கம்ப்யூட்டர் அன்றைய தேதிதான் தன் பெயர் என்று முடிவு செய்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே. ஆக, அடையாளம் தெரியாத மூன்று பேரும் என் முன்யோசனைப்படி வாசலுக்குப் போய், ஒரே காகிதத்தில் மாற்றி மாற்றி அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதை யாருங்க வெச்சது?” என்று அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

மேனேஜர் கூரையில் காற்றாடி சுற்றுவதைப் பார்த்தார். அவர் விரல் நுனியில் மஞ்சள் இருந்தது. முதலாளிதான் வெகு இயல்பாகப் பதில் சொன்னார்.

“நாந்தான் வெக்கச் சொன்னேன் அம்மணி. பிள்ளையாரைப் போடாம ஒரு காரியம் தொடங்கலாமா? இவருதான் கற்பூரத்துக்கு முன்னால உள்ள வெச்சாரு.”

அப்போதுதான் என் வலது கை தானாக மேலே எழுந்தது.

“ஒண்ணு, அட்டையை நான் கலைக்கலீங்க. ரெண்டு, மேல ஓர் அட்டை கூடியிருக்குதுன்னு மேனேஜருக்குத் தெரியும். மூணு, தெரிஞ்சும் என்ற தலையில போட்டாரு. நாலு, எங்கூட்ல ஜக்கார்டு தறி ஓடுது, துளை போட்ட அட்டையை வெச்சுத்தான் சேலையில பூ நெய்யறோம். அட்டைச் சரத்துல வெத்து அட்டை ஒண்ணைச் சேத்துக் கட்டினா பூ என்னாகும்னு உங்களுக்கு நான் சொல்லோணுங்களா?”

துணி வியாபாரத்தில் ஊறியவர் முதலாளி. முகம் மாறியது. “பூ கெட்டுப் போயிருமே,” என்றார் மெதுவாக. பிறகு மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்த மிதப்பில், “பிள்ளையாரை எடுத்துட்டுக் கடைசியில வெச்சுக்கலாங்க” என்றேன்.

“வெச்ச பிள்ளையாரை எடுக்கறதா?” என்றார் முதலாளி. “அதுவும் கடைசியிலயா?” என்றார் ஓர் அம்மாள். “படிச்ச புள்ளைங்க பேசற பேச்சைப் பாரு சாமி,” என்றார் இன்னொருவர். டிரைவர்கூட, “அது தப்புங்க அம்மணி,” என்றார். மேனேஜர் முகத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்தது.

அட்டை நகரவில்லை. நகர்ந்தது நான்தான். கல்லூரியில் பரிசு வாங்கிய இன்ஜினியரான நான், பட்டுச் சேலையோடு கேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நின்ற லாரிகளுக்கெல்லாம் பேனாவால் சீட்டு எழுதினேன். கம்ப்யூட்டர் திறப்பு விழாவின் முதல் சாதனை அது. லாரிகள் போன பிறகு புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன்: எப்போதும் முதலில் வரும் அட்டையைப் படிக்காதே, யாருக்கும் கொடுக்காதே, இரண்டாவதிலிருந்து தொடங்கு. மறுபடியும் பொத்தானை அழுத்தினோம். மூன்றும் தம்மைத் தாமே அறிந்துகொண்டன. அப்போது கை தட்ட ஆள் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

வேலை நிரந்தரமானது. உத்தரவில், ‘இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது’ என்று ஒரு வரி இருந்தது. தட்டச்சு செய்து கொடுத்தது அந்த அக்கா மகன். மேனேஜர் இன்றும் வருகிற போகிறவரிடம், “எங்க கம்ப்யூட்டருக்கு நாந்தானுங்க பிள்ளையார் சுழி போட்டேன்” என்று சொல்லிக்கொள்கிறார். நான் விரலை மடக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதுதான் என் பெரிய தவறு. அடுத்த வருடம் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்தார். காபியை வாங்கிக்கொண்டு, “கல்யாணத்துக்கப்புறம் வேலை வேண்டாமுங்க,” என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் தம்பி எழுந்து, மிகுந்த மரியாதையோடு அவரிடம் சொன்னான்:

“தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கக்கா முதல்ல வர்ற அட்டையைப் படிக்காதுங்க.”

என் கணவர் இரண்டாவதாகப் பார்க்க வந்தவர்.