வாசலிலேயே பஸ் நிற்கும் கல்லூரி

மதிப்பிற்குரிய பரந்தாமன் மாமா அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து மைத்துனன் நவநீதன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் குடியாத்தத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் தீபாவும் நலம், மகள் பூங்குழலி என்னோடு பேசுவதில்லை. போனில் சொல்லலாம் என்று நான்கு முறை கூப்பிட்டேன், பாதி தங்களுக்கும் பாதி தங்கள் பவர்லூம் சத்தத்துக்கும் போய்ச் சேர்ந்தது, அதனால் கடிதம். பொங்கலுக்குத் தாங்கள் கொடுத்த நீலக் கட்டம் போட்ட லுங்கி கொடியிலிருந்து காணாமல் போய்விட்டது என்பதையும் இத்தோடு சொல்லிவிடுகிறேன். வருத்தப்படுவீர்கள் என்று இத்தனை மாதம் மறைத்தேன். இப்போது இருக்கிற அலுப்பில் மறைக்கவும் தெம்பில்லை.

விஷயம் பூங்குழலியின் கல்லூரிதான். அவள் கிராஸ் கன்ட்ரி ஓடுகிறாள் என்பது தாங்கள் அறிந்ததே, தங்களுக்குப் பிடிக்காததே. மைதானத்தைச் சுற்றி வருவதல்ல மாமா அது, மேடு பள்ளம் சேறு வரப்பு என்று பத்து கிலோமீட்டர். விடிந்ததும் அவள் பாலாற்று மணலில் ஓடுவாள், நாய்களுக்குப் பயந்து நான் கரையில் டி.வி.எஸ்.ஸில் கூடவே போவேன், வீட்டுக்கு வந்ததும் அவள் ஷூவைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளுவாள், பகலெல்லாம் ஷூ பார்க்கப் போகிறவன் நான், அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்தது, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றில் சேர வேண்டும். தாங்கள் சொன்னது வேலூரில் வாசலிலேயே பஸ் நிற்கும் கல்லூரி. "பொண்ணு பத்தடி கூட நடக்க வேணாம்டா" என்றீர்கள். பத்து கிலோமீட்டர் ஓடுகிற பெண்ணுக்கு.

எல்லாக் கல்லூரியும் விளம்பரத்தில் பதக்கத்தைத்தான் காட்டுகிறது, பதக்கத்தை நம்ப முடியுமா. நான் இருபத்திரண்டு வருஷமாக ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூ.சி. ரிட்டர்ன் வந்த ஷூவின் அடியைப் பார்த்தே போட்டவர் ஓடினாரா, நடந்தாரா, உட்கார்ந்தே இருந்தாரா என்று சொல்லிவிடுவேன். ஆகவே அங்கங்கே ஓடுகிற பெண்களின் ஷூவைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்வது என்று பூங்குழலியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று தீபா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதலில் தங்கள் கல்லூரி. பஸ் வாசலில் மட்டுமல்ல, மைதானத்திலும் நிற்கிறது, எண்ணினேன், பத்தொன்பது. விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர். "ஓடலாம் சார், இன்னா இப்ப, சாயங்காலம் பஸ்ஸெல்லாம் கெளம்பினப்புறம் தாராளமா ஓடலாம்" என்றார். அதன்பிறகு பெண்கள் எதில் வீட்டுக்குப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை. ஷூக்கள் எங்கள் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து அன்று காலை வந்தது போல இருந்தன. இரண்டாவது கல்லூரியில் ஏ.சி. அறையில் ஓடும் மிஷின், எதிர்ச் சுவரில் மலைப் படம். அந்தப் படத்தைப் பார்த்து ஓடினால் போதுமாம். பூங்குழலி வெளியே வந்து, "அப்பா, அந்த மலையில சேறு இருக்கான்னு கேட்டியா" என்றாள்.

மூன்றாவது அமிர்தி ரோட்டில், இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கியும் நடக்க வேண்டும். கட்டடம் சுமார்தான். ஆனால் விடுதிச் சுவர் மேல் பதினொரு ஜோடி ஷூ காய்ந்துகொண்டிருந்தது மாமா, சோல் முழுக்கச் செம்மண், முன்பக்கம் தேய்ந்து, பார்த்தவுடன் என் கை தானாகப் போய்விட்டது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஏழாவது ஜோடியில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், பெரிய மனுஷன் மாதிரி இருக்க, பொம்பளப் புள்ளைங்க ஷூவைத் தூக்கி மோந்து பாத்துனு நிக்கிற." நான் மோந்து பார்க்கவில்லை, கண்ணாடி எடுத்துப் போகாததால் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி அடையாள அட்டையை நீட்டினேன், "ஓகோ, மாடல் திருட வந்தியா" என்றார். கூட்டம் கூடிவிட்டது. வார்டன் அம்மா நோட்டோடு வந்தார். பதற்றத்தில் நான் கையிலிருந்ததைக் காட்டி, "மேடம், இந்த இடது ஷூ உள்பக்கமா மட்டும் தேஞ்சிருக்கு, இந்தப் பொண்ணு முட்டியைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அதையும் என் போன் நம்பரையும் குறித்துக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

பூங்குழலி பத்தடி தள்ளி யாரோ போல நின்றாள். பஸ்ஸில் வேறு சீட். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மா தீபாவிடம் சொன்னாள், "நான் பஸ் நிக்கிற காலேஜுக்கே போறேன், அந்த எடத்துக்கு இனிமே எந்த மூஞ்சை வெச்சினு போறது." நான்கு நாளாக ஓடவில்லை. காலையில் வழக்கம்போல எழுந்து டி.வி.எஸ்.ஸைத் துடைக்கிறேன், அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். என்னால்தான் மாமா. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவள் மாமா பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று தாங்கள் அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தங்கள் கல்லூரியிலேயே சேர்த்துவிடுகிறேன். நான் ஓய்ந்துவிட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தறியும் தாங்களும் ஓய்வில்லாமல் ஓட வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
நவநீதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது போன் வந்தது. அமிர்தி ரோட்டுக் கல்லூரியின் பயிற்சியாளர், ஹேமலதா என்று பெயர். "ஷூவைத் திருப்பிப் பாத்த அப்பா நீங்கதானா சார்? அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா முட்டி வலியை மறைச்சினு ஓடியிருக்கா. கூப்பிட்டுக் கேட்டா அழுதுட்டா. உங்க பொண்ணை அனுப்புங்க, அவ பழைய ஷூவையும் குடுத்து அனுப்புங்க" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் பூங்குழலியும் கேட்டாள். கட்டிலடியிலிருந்து ஷூவை எடுத்து, நான்கு நாளுக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினாள். "திட்டாம பாருப்பா" என்றாள்.

ஊர்ப் பெண்கள் ஷூவையெல்லாம் திருப்பியவன் இன்றுதான் அதைத் திருப்பினேன். அடியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. உள்ளே நான்காக மடித்துத் தைத்த துணி, நீலக் கட்டம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புது ஷூ கேட்டால் செலவைப் பார்த்து நாங்கள் ஓட்டத்தையே நிறுத்திவிடுவோம் என்று பயந்தாளாம்.

மேலே உள்ளதெல்லாம் ரத்து. மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அடித்துவிட்டதாக நினைத்துப் படிக்கவும். நாளைக் காலை அமிர்தி ரோட்டில் சேர்க்கிறோம், நான் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை. தாங்கள் மறுப்புச் சொல்ல வழியில்லை மாமா, தங்கள் லுங்கி பொங்கலிலிருந்தே கிராஸ் கன்ட்ரி ஓடிக்கொண்டிருக்கிறது.