ரேடியேட்டர் அடித்த விசில்

இந்த வாரத்துக்குள் மனைவியை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று மெத்தைக்காரர் முடிவெடுத்தார். ஆனால் 'வா' என்று மட்டும் சொல்லக் கூடாது. வாய் தவறிக்கூட.

காரணம் இருந்தது. கையை உடைத்துக்கொண்ட அக்காவுக்குத் துணையாக அவள் கிளம்பிய அன்று, "எத்தன நாள் வேணாலும் இருந்துட்டு வா, நான் என்ன குழந்தையா?" என்று மார்தட்டியவர் அவர்தான். பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. நேற்று ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுவிட்டு வெகுநேரம் நின்றார். திட்ட ஆளில்லை. அவரே எடுத்துக் கொடியில் போட்டார். கடை கடையாக மெத்தை இறக்குகிறவருக்குச் சொந்த மெத்தையில் தூக்கம் பிடிக்கவில்லை.

மனைவி மெக்கானிக் மகள். கணவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை நீட்டுவாள். மெத்தை ஏற்றும் பிக்கப் வண்டி லேசாக இருமினால் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். ஆகவே போனை எடுத்தார்.

"வண்டி கொதிக்குது. ஆவி போயிட்டிருக்கு."

"யாருக்கு?"

"வண்டிக்குத்தான்!"

"ஓடும்போது சூடு காட்டுற முள்ளு ஏறுதா, நிக்கும்போதா?"

"ரெண்டுலயும்."

"தண்ணி குறையுதா?"

"சொட்டுக்கூடக் குறையல," என்றார் பெருமையாக.

"குறையாம ஆவி எங்கேருந்துங்க வருது?"

மாட்டிக்கொண்டார். சட்டென்று அடுப்படிக்கு ஓடி, குக்கர் பக்கத்தில் போனை நீட்டினார்.

"நீயே கேளு, ரேடியேட்டர் போடுற சத்தத்த!"

குக்கர் உஸ்ஸென்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கேட்டேன். ரேடியேட்டர் மூணு விசில் அடிச்சிடுச்சு. அடுப்ப அணைங்க, சோறு குழைஞ்சிடும்."

பொய் எடுபடாவிட்டால் அதை உண்மையாக்கிவிட வேண்டியதுதான். மறுநாள் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் விசிறிக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். வண்டியைத் தடவி, "மன்னிச்சுக்கோ" என்றார். லோடு ஏற்றிக் கிளம்பிய முதல் சிக்னலிலேயே முள் விறுவிறுவென்று ஏறியது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுப் போன் போட்டார்.

"நிக்கும்போது ஏறுது, ஓட்டினா இறங்குது. இந்தத் தடவ சத்தியமா!"

"விசிறி சுத்துச்சா?"

"அசையவே இல்ல."

"சரி. நாளைக்குக் காலைல வரேன்."

லோடை இறக்கிவிட்டு வந்து வீட்டைப் பெருக்கினார். தலையணை உறை மாற்றினார். ஒரே காலையில் இரண்டு முறை ஷேவ் செய்தார்.

அவள் வந்தாள். கையில் கட்டோடு அக்காவும் வந்தார். மனைவி கணவரை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக பானெட்டைத் தூக்கினாள். அவளுடைய தலையெண்ணெய் வாசனை வருகிற தூரத்தில் அவர் போய் நின்றுகொண்டார். அவள் கையை உள்ளே விட்டாள். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"இந்த பிளக் தானா கழலாது. கிளிப்ப அமுக்கி இழுத்தாத்தான் வரும்."

"எலியா இருக்கும்…"

"தெரியுது. ஷேவ் பண்ணிட்டு நிக்குது."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "இத நீ போன்லயே கண்டுபிடிச்சிருக்கலாமே?"

"போன்லயே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் வந்தே?"

"அக்கா வீடு மாத்துறாங்க. வண்டிய கேட்டா 'லோடு இருக்கு'ம்பீங்க. சாவியக் குடுங்க."

சாவியைக் கொடுத்தார். "திரும்பி வர எத்தன நாளாகும்?"

"ஒரு வாரம்."

"முடியலம்மா," என்றார். "நீ இல்லாம முடியல."

அவள் பானெட்டை மூடினாள். "இத மூணாம் நாளே சொல்லியிருந்தா நாலாம் நாள் வந்திருப்பேன்," என்றாள் மெதுவாக. பிறகு, "கதவப் பூட்டிட்டு வாங்க, போலாம்."

பூட்டினாரா, வெறுமனே சாத்தினாரா, அவருக்கே தெரியாது. ஓடிவந்து வண்டியின் முன்கதவைத் திறந்தார். அங்கே அக்கா உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி ஏறுங்க," என்றாள் மனைவி, எஞ்சினைக் கிளப்பியபடி. "பீரோ தூக்கத்தான் ஆள் தேடிட்டிருந்தோம்."