நல்லெண்ணெயில் குளித்த போல்ட்டுகள்

பக்தி உள்ளவனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. யாரையும் குத்திக்காட்டவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

டிப்ளமா முடித்துவிட்டு, அத்திபெலேயில் அக்கா வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த காலம். அக்காவின் கணவர் முருகேசன் மாமா, ஆனேக்கல் பக்கம் ஒரு கியர் பாக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தார். "என் மச்சான் சார், தங்கமான பையன்" என்று மேனேஜரிடம் தன் பெயரை அடகு வைத்து என்னைப் பயிற்சியில் சேர்த்துவிட்டார். ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். (ஒழுங்காக இருப்பது என்ன பெரிய கஷ்டமா என்று நினைத்தேன்.)

மாமாவின் கருவி டார்க் ரென்ச். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்திருப்பார்கள். அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் வரும். உடனே நிறுத்திவிட வேண்டும். அவருக்குத் தட்டிலிருந்து போல்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் அவரவர் கருவியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். எனக்கென்று ஒரு ஸ்பேனர்கூடக் கிடையாது. அவமானமாக இருந்தது. விளக்குக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த நல்லெண்ணெயை எடுத்துத் தட்டிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினேன். பளபளவென்று மின்னின. கண்ணில் ஒற்றிக்கொண்டு, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் மாமா முதல் போல்ட்டை முறுக்கினார். 'டிக்' வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். போல்ட் படாரென்று அறுந்து, ரென்ச்சோடு அவர் கை இரும்பில் போய் மோதியது. சுண்டுவிரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

நான் ஓடிப்போய்த் தாங்கியிருக்க வேண்டும். பதற்றத்தில் அடுத்த போல்ட்டை எடுத்து நீட்டினேன்.

"அத அங்க வைடா," என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

மேனேஜர் ஓடிவந்து அறுந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தார். "என்னப்பா இது, தோசை வாசனை வருது? யாரு மாடித்து?"

யார் செய்தது என்று கேட்கிறார். எனக்குக் கன்னடம் அந்த நேரம் பார்த்து நன்றாகப் புரிந்தது. "பூஜைக்கு, சார்..." என்றேன்.

"காஞ்ச போல்ட்டுக்கு வெச்ச அளவுப்பா அது! எண்ணெய் பட்டா வழுக்கிட்டு இறங்கும். 'டிக்' வர்றதுக்குள்ள இழுத்து இழுத்து அறுந்துடும்!"

"தெரியாம பண்ணிட்டான் சார், விட்டுடுங்க," என்றார் மாமா, திரும்பிய விரலை மற்றக் கையில் ஏந்தியபடி. அவர் என்னை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுவிட்டேன்.

அன்று மதியமே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மாமாவின் விரல் ஆறியது, ஆனால் மடங்கவில்லை. ரென்ச்சை இறுக்கிப் பிடிக்க முடியாததால் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். தீபாவளி வரை அக்கா எனக்குச் சோற்றை மட்டும்தான் போட்டாள், பேச்சைப் போடவில்லை.

இப்போது நான் செல்போன் கடையில் விற்பனையில் இருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் இருக்கும் மேசைப் பக்கமே போவதில்லை. மாமா டீ குடிக்கும்போது அந்த விரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். "அப்பா தொரை மாதிரி டீ குடிக்கிறாரு" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நான் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் குரல் உள்ளிருந்து வரும்: "எண்ணெய்க் கிண்ணத்த எடுத்து மேல வைங்க, தம்பி வந்துட்டான்!"

வீடே சிரிக்கும். மாமா எழுந்து வந்து, "வாடா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். நான்கு விரல்கள்தான் பிடிக்கும்.