ஒரு சொட்டும் விடாமல் குடித்த புலமைப்பரிசில்

அடுத்தவர் பிள்ளைகளைப் பற்றி அறிவோடு பேசுவது மிக இலேசான காரியம். நான் அதில் பெரிய கெட்டிக்காரி.

மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிய வருடம், நான் கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெற்றார் கூட்டத்தில் பரீட்சையை விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு வினாத்தாள், வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் உதவிப்பணமும் பெரிய பாடசாலையும் கிடைக்கலாம், தாண்டாவிட்டால் பிள்ளை இருக்கிற பாடசாலையிலேயே ஆறாம் ஆண்டுக்குப் போகும், அவ்வளவுதான். "பிள்ளையப் பயமுறுத்தாதீங்க, பாடசாலைக் கேற்றடியில காவல் நிக்காதீங்க" என்று முழங்கினேன். (கைதட்டல்கூடக் கிடைத்தது.)

மகளுக்கோ பெரிய பாடசாலையின் வலைப்பந்து அணியில் சேர ஆசை. அந்த ஆசை எங்கள் எல்லோரையும் பிடித்து ஆட்டியது.

பரீட்சைக் காலை, எல்லாம் நல்லபடி நடக்க மௌலவியிடம் துஆ ஓதி வாங்கிய தண்ணீரை மகளுக்கு ஒரு போத்தல் கொடுத்தேன். கணவர் தன் பங்குக்கு வேறொரு பள்ளிவாசலில் ஓதி வாங்கி வந்திருந்தார். என் மூத்த ராத்தா ஓட்டோ பிடித்து இன்னொரு போத்தலோடு வந்து இறங்கினா. பக்கத்து வீட்டு ஹாஜியார் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீரை அனுப்பினார். ஓதிய தண்ணீரை மிச்சம் வைக்கலாமா? "ஒரு சொட்டும் விடாமக் குடிங்க மகள்" என்றேன். பாவம், குடித்தாள்.

பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். நான் கேற்றடியில் நின்றேன். (ஓம், அதே கேற்றடிதான்.) மதிலால் எட்டிப் பார்த்த ஒரு தாய் கூவினா: "ரீச்சர், உங்கட மகள் பாத்ரூமுக்குப் போறா!" பத்து நிமிடத்தில், "திரும்பவும் போறா ரீச்சர்!" மூன்றாம் முறையும் போனாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டவே நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வயிறு நிறைஞ்சிட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மகள்?"

"எல்லாரும் ஆசையாத் தந்தீங்க உம்மா. வேணாமெண்டா நீங்க பயந்திருப்பீங்க."

பத்து வயதுப் பிள்ளை எங்கள் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதியிருக்கிறது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெறுபேற்றில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தது, வலைப்பந்தும் போயிற்று.

இப்போது ஒலுவில் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கிறாள். பரீட்சை எப்போதென்று வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடமாட்டாள். கடைசித் தாளையும் எழுதி முடித்து வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்று, "உம்மா, இப்ப தாங்க தண்ணி" என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் துஆக் கேட்க அனுமதி.