பத்தொன்பது சத்தியச் சீட்டுகள்

ஃபெர்மின் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். காப்பிக்குத் தண்ணீர் வைத்தான். முந்தின நாள் பீன்ஸைச் சூடாக்கி, நான்கு சோள ரொட்டிகளைக் கல்லில் வாட்டினான். இரண்டைச் சாப்பிட்டான். இரண்டைத் துணியில் சுற்றி மனைவி ஒதிலியாவுக்கு வைத்தான். அவளுக்குக் காலையில் எப்போதும் தலைவலி. ஏழரைக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய காப்பிக் கோப்பையைத் தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு மாத்திரையை வைத்தான்.

மற்ற நாட்களில் இதற்கு அடுத்தது அவன் வேலை பார்க்கும் தண்ணீர் வாரியத்துக்குப் போகும் பஸ். அன்று பஸ் போய்விட்டது. மேஜையில் ஆயுள் காப்பீட்டுப் பாரம் கிடந்தது. முப்பத்தொரு கேள்விகளில் முப்பதுக்குப் பதில் எழுதிவிட்டான். பதினான்காவது பாக்கி.

‘விண்ணப்பதாரர் எப்போதாவது அளவுக்கு மீறி மது அருந்தியதுண்டா? உண்டெனில் விவரிக்கவும்.’

விவரிக்க ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள்.

பாரத்தை எடுத்துக்கொண்டு ஏஜெண்ட் பிரிஸ்கிலாவிடம் போனான். ஜெராக்ஸ் கடையின் பின்பாதிதான் அவளுடைய அலுவலகம்.

"இல்லைன்னு போடுங்க இஞ்சினியர்" என்றாள் பிரிஸ்கிலா. "எங்கிட்ட பாலிசி எடுத்த குடிகாரங்க ஒருத்தரும் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல."

"நான் மாதா முன்னாடி சத்தியம் பண்ணவன். பொய் எழுத மாட்டேன்."

"குடிக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணீங்க? பொய் சொல்ல மாட்டேன்னா பண்ணீங்க?"

ஃபெர்மின் யோசித்தான். பிறகு ‘உண்டு’ என்று எழுதினான். ஒன்றரை வரி போதவில்லை. ஜெராக்ஸ் கடையில் மூன்று வெள்ளைத்தாள் வாங்கி எழுதினான். வாரியத்தின் குழாய்க்குள் படுத்துத் தூங்கியதும் தீயணைப்பு வண்டி வந்ததும் இரண்டாவது தாளில் வந்தன. குழாயின் விட்டம் தொண்ணூறு சென்டிமீட்டர் என்பதையும் குறித்தான். நான்கு வருஷமாகக் குடிப்பதில்லை என்பது மூன்றாவது தாளின் கடைசி வரி.

பிரிஸ்கிலா படித்துப் பார்த்தாள். "இது விண்ணப்பம் இல்ல இஞ்சினியர், பாவசங்கீர்த்தனம்" என்றாள். ஆனாலும் அனுப்பினாள்.

அவனுக்கு அந்தப் பாலிசி வேண்டும். ஒதிலியாவின் நிபந்தனை அது. இரண்டு வருஷமாக அவன் குழந்தை கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக அவள் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இன்ஷூரன்ஸ். அப்புறம் புள்ளை. எங்கப்பா குடிச்சே செத்தப்ப எங்கம்மா கையில மிஞ்சினது அவரு தொப்பி ஒண்ணுதான்."

"நான்தான் நிறுத்திட்டேனே."

"நிறுத்தினவனுக்குக் குடுப்பாங்கல்ல? வாங்கிட்டு வா, கிழவா."

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அவள் அன்பாகப் பேசும்போது கிழவா என்பாள்.

மூன்று வாரம் கழித்துத் தலைநகரத்திலிருந்து கடிதம் வந்தது. நிறுத்தியதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

ஆதாரம் இருந்தது. இராபுவாத்தோ ஊரில் குடியை விட நினைக்கிறவர்கள் டாக்டரிடம் போவதில்லை. கோயிலுக்குப் போவார்கள். குவாதலூப்பே மாதாவின் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, இத்தனை மாதம் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். சாமியார் ஒரு சீட்டில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். முன்பக்கம் மாதாவின் படம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். யாராவது கிளாஸை நீட்டினால் எடுத்துக் காட்டலாம். அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது என்பது குடிகாரர்களுக்கும் தெரியும்.

ஃபெர்மினிடம் ஆறு மாதச் சீட்டுகள் எட்டு இருந்தன. எட்டும் மீறாதவை. அதற்கு முந்தின சீட்டுகள் பதினொன்று பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. ஒரு வருஷச் சத்தியம் ஒன்பது நாளில் போனது. மூன்று மாதச் சத்தியம் கோயில் வாசலில் இருந்த கடையிலேயே போனது. எட்டை மட்டும் அனுப்பினால் பாதி உண்மையை மறைத்ததாகும் என்று நினைத்தான். பத்தொன்பதையும் அனுப்பினான்.

பதில் சீக்கிரமே வந்தது. பிரிஸ்கிலா அதை உரக்கப் படித்தாள்.

"‘விண்ணப்பதாரர் இதுவரை பத்தொன்பது முறை சிகிச்சை பெற்றுள்ளார். அவற்றில் பதினொன்று பலனளிக்கவில்லை. சிகிச்சை அளித்தவர் டாக்டர் அன்செல்மோ. கொடுக்கப்பட்ட மருந்தின் பெயரைத் தெரிவிக்கவும்.’"

"அவர் டாக்டர் இல்ல."

"எனக்குத் தெரியும். எனக்கே அவர்தான் ஞானஸ்நானம் குடுத்தாரு. தலைநகரத்துல இருக்கறவனுக்குத் தெரியணுமே. போய் ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. சின்னதா. அவரைப் பேச விடாதீங்க."

அன்செல்மோ சாமியார் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"மருந்தோட பேரா? மரியான்னு எழுதிடவா?"

"சாமி, விளையாடாதீங்க. நாலு வருஷமா நான் சத்தியத்தைக் காப்பாத்தறேன்னு எழுதினாப் போதும்."

"காப்பாத்தினேதான். ஆனா உன் கொழுந்தியா கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டு வாங்கினியே."

"அன்னைக்கு நான்தான் மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்ற ஞானத்தந்தை. கிளாஸைத் தூக்காம எப்படிச் சொல்றது? ரெண்டே கிளாஸ். நீங்கதான் சீட்டுப் பின்னாடி எழுதிக் குடுத்தீங்க."

"அதைத்தான் சொல்றேன். நீ பொய் சொல்ல மாட்டே. நான் மட்டும் சொல்லணுமா?"

சாமியார் நல்ல மனிதர். விவரமாக எழுதினார். ஃபெர்மினின் ஒழுக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம், குடிப்பதற்கு முன்பே நேரில் வந்து அனுமதி கேட்டவன், அனுமதித்த அளவைத் தாண்டாதவன் என்று முடித்திருந்தார்.

கம்பெனி இப்படிப் பதில் எழுதியது: ‘சிகிச்சையின்போது மருத்துவரின் பரிந்துரையின் பேரிலேயே விண்ணப்பதாரர் மது அருந்தியுள்ளார். டாக்டர் அன்செல்மோவின் பதிவு எண்ணை உடனடியாகத் தெரிவிக்கவும்.’

அன்று சாயங்காலம் ஒதிலியா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மடித்து அவனிடமே கொடுத்தாள்.

"விடு. கிடைக்காட்டி கிடைக்கல."

"அப்ப புள்ளை?"

"கிடைக்கும்போது பாக்கலாம்."

"எது? புள்ளையா, இன்ஷூரன்ஸா?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தனக்காக அவள் வருத்தப்படுகிறாள் என்று ஃபெர்மின் நினைத்துக்கொண்டான். எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று அப்போதுதான் உறுதியாக முடிவு செய்தான்.

மறுநாள் பிரிஸ்கிலா வழி ஒன்று சொன்னாள்.

"தம்பதி பாலிசி போட்டுடலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாரம். உங்களை மட்டும் தராசுல வெச்சா முள்ளு அந்தப் பக்கம் சாயுது. இந்தத் தட்டுல உங்க வீட்டுச் சென்யோராவை வெச்சா நேரா நின்னுரும். ரெண்டு பேரும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டா சாமியார் லெட்டரை எல்லாம் எவனும் பாக்க மாட்டான்."

"அவளுக்கு எதுவும் இல்ல. பச்சைத் தண்ணி மாதிரி."

"அதுதான் வேணும். அவங்க ரத்தம் உங்களைக் காப்பாத்தும்."

ஒதிலியாவுக்கு இது பிடிக்கவில்லை.

"குடிச்சது நீ. ஊசி எனக்கா?"

"ரெண்டு நிமிஷம்தான்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் அவளுக்குப் பல் வலி. அதற்கு அடுத்த வாரம் அவளுடைய அம்மாவுக்கு முழங்கால். அதற்கு அடுத்த வாரம் மழை. நான்காவது வாரம் ஃபெர்மின் கேட்பதை நிறுத்திவிட்டு, தூங்கப் போகும் முன் பேசாமல் படுக்கையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை அவள் ஆறு மணிக்கே எழுந்து உடுத்திக்கொண்டு நின்றாள்.

"வா. போய்த் தொலைச்சுட்டு வருவோம்."

ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒதிலியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு தானாகப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"ஃபெர்மின், வீட்டுக்குப் போயிரலாமா?"

"ஊசின்னா அவ்வளவு பயமா?"

அவள் அவனைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

ரத்தம் எடுத்த பெண் ஒரு கையில் டமாலே என்ற சோளக் கொழுக்கட்டையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். தன் அக்காள் கணவனைத் திட்டியபடியே இருவருக்கும் குத்தினாள். இரண்டு குப்பிகளையும் ஒரே தட்டில் போட்டாள். பெயர்ச் சீட்டைப் பிறகுதான் ஒட்டினாள். ஃபெர்மின் அதைப் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் அவன் ஒரு வால்வில் அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரிஸ்கிலா போன் செய்தாள்.

"இஞ்சினியர், உங்களுக்குக் கிடைச்சிருச்சு! ஈரல் கன்னிகாஸ்திரியோட ஈரல் மாதிரி இருக்காம். டாக்டரே எழுதியிருக்காரு, தலைசிறந்த நிலைன்னு."

ஃபெர்மின் வால்வின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சென்யோராவுக்குத்தான் இல்லைன்னுட்டாங்க, உங்களுக்கு மட்டும் தனியாத் தர்றாங்க" என்றாள் பிரிஸ்கிலா, குரலைத் தணித்து. "ஈரல் மோசமாம். ரொம்ப. குடின்னு போட்டிருக்கு."

ஃபெர்மின் சிரித்தான். நான்கு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்பி மாறிவிட்டது. வேறென்ன? அந்த ஈரல் அவனுடையது. பதினொரு உடைந்த சத்தியங்களின் ஈரல் அது. தெரியாதவன் பார்த்தால்கூட அடையாளம் சொல்வான்.

அப்புறம் சிரிப்பு நின்றது. ஒதிலியாவைக் குடிகாரி என்று எங்கோ ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் வால்வை அப்படியே விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினான்.

தலைமைக் கெமிஸ்ட் எவாங்கெலீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"குப்பி மாறல, இஞ்சினியர்."

"மாறிருச்சு. நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு டமாலே தின்னுட்டே ஒட்டினா. அந்த ஈரல் என்னோடது."

"சார், பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். இது என் ஈரல் இல்லைன்னு சண்டை போட நிறையப் பேர் வந்திருக்காங்க. என்னோடதுன்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"நான் குடிகாரன்! பத்தொன்பது சீட்டு இருக்கு. தீயணைப்பு ஆபீஸ்ல கேளுங்க. சாமியாரைக் கேளுங்க!"

காத்திருந்தவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

"சண்டையே வேணாம்" என்றாள் எவாங்கெலீனா. "நாளைக்குச் சென்யோராவைக் கூட்டிட்டு வாங்க. நானே எடுக்கறேன். பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும்."

"அவளுக்கு ஊசின்னா பயம். உங்க தப்புக்கு அவளை இன்னொரு தடவை குத்த விட மாட்டேன்."

ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு தாள் வாங்கினான். எழுதினான்: ‘என் மனைவி ஒதிலியாவின் பெயரில் உள்ள ஈரல் உண்மையில் என்னுடையது. என் பெயரில் உள்ளது அவளுடையது. அவள் ஒருபோதும் குடித்ததில்லை. இதை மாதாவின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.’

பிரிஸ்கிலா இரண்டு தடவை படித்தாள்.

"இஞ்சினியர், கேளுங்க. பாலிசி உங்க கையில இருக்கு. பேசாம வாங்கிட்டுப் போங்க. இதை அனுப்பினா இங்க மட்டுமில்ல, நாட்டுல எந்தக் கம்பெனியும் உங்களைத் தொடாது. பேரு எல்லா லிஸ்ட்டுலயும் ஏறிரும்."

"அனுப்பு."

"புள்ளை வேணும்னுதானே இவ்வளவும்?"

"அவ பேரைக் கெடுத்துட்டா? அனுப்பு."

அனுப்பினாள். நாலு மணிக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. கோப்பு மூடப்பட்டது.

அவன் வீட்டுக்கு வந்தபோது ஒதிலியா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றாமல், உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். டமாலே, குப்பி, கெமிஸ்ட், கடிதம்.

"இன்ஷூரன்ஸ் போச்சு. இனிமே கிடைக்காது" என்றான். "போகட்டும். உன் பேரு சுத்தமாயிருச்சு. அந்தச் சனியன் ஈரலை என் தலையில எழுதிட்டாங்க. தொப்பிகூட மிச்சம் வைக்க மாட்டேன்னு நினைச்சுக்காத. நான் சாக மாட்டேன், ஒதிலியா. நாம புள்ளை பெத்துக்கலாம்."

அவள் அவனுடைய சட்டையின் காலரைத் தேய்த்து முடித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"குப்பி மாறல, கிழவா" என்றாள். "நீ சத்தியம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, வீட்ல இருக்கற பாட்டிலை எல்லாம் கொட்டிருன்னு சொன்னே. எங்க கொட்டினேன்னு நீ இன்னி வரைக்கும் கேக்கல."