தனி அடுப்புக்காக ஒரு சண்டை

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சர்க்கார் ஆள் வருகிறார் என்றால், அந்த வீடு ஏழையாக இருக்க அக்கம்பக்கத்தார் சம்மதிக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் நல்ல குணம்தான். ஏழைதானா என்று பார்ப்பதற்காகவே ஒருவர் வருகிற நாளில் அது என்ன பாடு படுத்தும் என்பதைக் கொட்டாரம் வட்டாரத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். அந்த வருஷம் குளம் நிறையவில்லை. நான் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்திருந்த வயல், கதிர் வாங்குகிற சமயத்தில் கருகிப் போனது. விளைச்சல் போன குடும்பங்களுக்கு இரண்டு தவணையாக உதவிப்பணம் தரப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. நிபந்தனைகள் இவைதாம்: வேறு வருமானம் இருக்கக் கூடாது, குடும்பத்தில் மாதச் சம்பளக்காரர் யாரும் இருக்கக் கூடாது, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்.

எனக்குச் சம்பளம் இல்லை, வருமானம் இல்லை, அடுப்பு ஒன்றே ஒன்று. இவ்வளவு தகுதியுள்ள மனிதன் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆனால் நான் நாலு எழுத்துப் படித்தவன். சட்டத்தைப் பார்த்தாலே, அதில் எனக்கென்று ஒரு குழி தோண்டியிருப்பார்கள் என்று தோன்றிவிடும். போதாததற்கு மகள் பொன்னம்மை பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரி. மனைவி செல்லம்மையின் கம்மல் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது. விற்க மிச்சமிருந்தவன் நான்தான். (வாங்க ஆள் இல்லை.)

விசாரணைக்குப் பார்வத்தியக்காரர் வருவதாகத் தகவல் வந்தது. பகுதியில் வரி பிரிப்பதும் இது போன்ற விசாரணைகளும் அவர் வேலை. செல்லம்மை இதை வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆவுடையம்மை மைனியிடம் சொல்லிவிட்டாள். உறவில்லை என்றாலும் மதினி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவோம். அவர் வரும் நாள் காலையில் மைனி இரண்டு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், வெண்கலச் செம்பு சகிதம் வந்து நின்றாள்.

"மைனி, இதெல்லாம் எதுக்கு?"

"பின்ன, சர்க்கார் ஆளைப் பாயிலயா இருக்கச் சொல்லுவிய? நாளைக்கு அவரு நாலு எடத்துல சொன்னா ஒங்களுக்கா கொறச்சல்? எங்க தெருவுக்குல்லா கொறச்சல்."

அந்த இடத்திலேயே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கடிகாரத்துக்கு ஆணி அடித்தவனே நான்தான். அது நேராகத் தொங்குகிறதா என்று நாலடி பின்னால் போய் வேறு பார்த்தேன்.

பார்வத்தியக்காரர் மெலிந்த மனிதர். சிரிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பது போல முகம். நாற்காலியில் உட்கார்ந்தார். மைனி இலை போட்டு, சோறும் சாளைமீன் போட்ட புளிமுளக் குழம்பும் பரிமாறினாள். அவர் முதல் கவளத்தை எடுக்கும்போது கடிகாரம் மணி அடித்தது. அடித்து முடிக்கும் வரை அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓய், கஞ்சிக்கு வழியில்லேண்ணுல்லா மனுவில எழுதியிருக்கேரு."

"சார், கடிகாரம் எங்களுடையது இல்லை. இரவல். நாற்காலியும் இரவல்தான்."

"அவரு சொல்லது உள்ளதாக்கும் சாரே," என்றாள் மைனி பெருமையோடு. "செம்பும் எங்க வீட்டுது. இந்தச் சோறும் கறியும் எனக்க அடுப்புல வச்சது. இண்ணைக்கு மட்டுமில்ல, வயலு கருகினதுலேருந்து இவங்களுக்கு நம்ம வீட்டுலேருந்துதான் சோறு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? பார்வத்தியக்காரர் கையைக் கழுவாமலே யோசித்தார்.

"அப்பம் ரெண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு."

"அது வந்து சார்..."

"உங்க மகன் என்ன செய்யான்?" என்று மைனியைக் கேட்டார்.

"சர்க்கார் பஸ்ஸுல கண்டக்டரு." அதே பெருமை.

"ஒரே அடுப்பு, ஒரே குடும்பம். குடும்பத்துல மாசச் சம்பளம் இருக்கு. உதவிப்பணம் கெடையாது." அவர் பேனாவின் மூடியைத் திருகினார்.

என் கண் பொன்னம்மையைத் தேடியது. அவள் உள்வாசலில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முந்திக்கொண்டது மைனிதான். கூர்மையான புத்தி அவளுக்கு. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, செல்லம்மை பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"ஒரே குடும்பமா? இவளுக்க கூடயா? எனக்க முருங்கையில காய் பறிச்சு எனக்கே கறி குடுத்தவளாக்கும் இவ."

நாடகம் என்று எனக்குப் புரிந்தது. செல்லம்மைக்குப் புரியவில்லை. மைனி கண் சிமிட்டியது என்னைப் பார்த்து. செல்லம்மை அப்போது நின்றது மைனியின் முதுகுக்குப் பின்னால்.

"ஆரு பறிச்சா?" என்றாள் செல்லம்மை. அவள் குரல் அவ்வளவு அமைதியாக இருந்தால் நான் வீட்டை விட்டு வெளியே போய்விடுவது வழக்கம். "ஒங்க கோழி எனக்க கீரைப்பாத்தியத் தின்னப்பம் நான் வாயத் தொறந்தேனா? பொட்டப்பிள்ளைக்கு இங்கிலீஷு படிப்பு எதுக்குண்ணு கெணத்தங்கரையில நீங்க பேசினது எனக்குத் தெரியாதுண்ணு நெனச்சியளா?"

மைனியின் முகம் மாறியது. இது நாடகத்தில் இல்லாத வசனம். "பேசினேன்தான். உள்ளதத்தானே சொன்னேன். ஒம் மாப்பிள பாட்டத்துக்கு வயலெடுத்து நொடிஞ்சு கெடக்காரு. இதுல பிள்ளை பரீட்சை எழுதி என்ன, கலெக்டரா ஆகப் போறாளா?"

நான் இருவருக்கும் நடுவில் போய்ச் சைகை காட்டினேன். இருவரும் ஒரே குரலில், "நீங்க சும்ம இரிங்க," என்றார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

மைனி கடிகாரத்தை ஆணியோடு பிடுங்கினாள். செம்பை எடுத்தாள். கறிச் சட்டியை எடுத்தாள். பிறகு பார்வத்தியக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, எழும்பணும். நாற்காலி எங்களுக்குள்ளதாக்கும்."

அவர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். சர்க்கார் அதிகாரியை அப்படி எழுப்பி நான் பார்த்ததில்லை. எனக்கு ஜெயில் வாசல் தெரிந்தது.

மைனி போன பிறகு வீட்டில் ஒரு பாயும், நாங்கள் மூன்று பேரும் மிஞ்சினோம். பார்வத்தியக்காரர் கை கழுவ அடுக்களைப் பக்கம் போனார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். ஆறிப்போன சாம்பலில் விரலை வைத்தார். காலி நெல்லுப் பானையின் மூடியைத் திறந்து மூடினார். திரும்பி வந்து, உட்கார இடமில்லாததால் நின்றபடியே எழுதினார்.

"தனி அடுப்பு. தனிக் குடும்பம்," என்று வாசித்துக் காட்டினார். போகும்போது, "ரெண்டாம் தவணைக்கு மறுபடியும் வருவேன்," என்றார்.

பணம் வந்தது. பரீட்சைக்குக் கட்டினோம். செல்லம்மையும் மைனியும் சண்டை நடந்த அன்று சாயங்காலமே வேலியோரம் நின்று மூக்கைச் சிந்திச் சமாதானமாகிவிட்டார்கள். கெடுத்தது நான். இரண்டாம் தவணை வரும் வரை சண்டை நீடிக்க வேண்டும் என்று இருவர் காலிலும் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். பாவம், எனக்காக அவர்கள் தினமும் கிணற்றங்கரையில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். கறி வைக்கோல் போருக்குப் பின்னால் கைமாறியது. நான் வேறு சும்மா இருக்காமல், "மைனி, இண்ணைக்குச் சத்தம் கொஞ்சம் கொறவு," என்று திருத்தம் சொல்லப் போய், கடைசியில் இருவரிடமும் நிஜமாகவே திட்டு வாங்கினேன்.

அது முதல் எங்கள் வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும் மற்றவர்கள் வாசலை எட்டிப் பார்த்து, "ஆரு வாறா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்டதும் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் யாரால் சண்டை போட முடியும்?

எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் இன்றைக்கும் என் கண் முதலில் சுவருக்குப் போகும், அங்கே எதுவும் தொங்கவில்லையே என்று. பொன்னம்மை பரீட்சையில் தேறி, அவளுக்கு வாத்தியார் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. வெளியூர், விடுதி. வயதுப் பெண் தனியாக எப்படி இருப்பாள், வேண்டாம், கூடாது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் டிரங்குப் பெட்டியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, ஆரு வாறா?"

யாரும் வரவில்லை. அவள்தான் போனாள். பெட்டியை பஸ் வரைக்கும் நானே சுமந்தேன்.